மீனுக்குக் காற்று

அந்த வருஷம் மழை பொய்த்தது. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றிப்போக, கொழும்பு வெள்ளவத்தையில் பொழுதுபட்டால் கரண்ட் போய்விடும். சண்டை ஒரு பக்கம், செக்கிங் ஒரு பக்கம், அதற்கு மேல் இது. ஊருக்கெல்லாம் மெழுகுதிரிக் கவலை என்றால் லுத்பியாவுக்கு மீன் கவலை.

லுத்பியாவின் புருஷன் கத்தாரில். பிள்ளைகள் இல்லை. தெஹிவளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரு கண்ணாடித் தொட்டி. முட்டையிலிருந்து அவளே வளர்த்தெடுத்த தங்கமீன்கள் விரல் நீளம் வந்து அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. காற்றுப் பம்ப் நின்றால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னும் கொஞ்சம் போனால் வயிறு புரளும். முந்தின ஈட்டுக் குஞ்சுகளை இப்படி ஒரு பவர் கட்டில்தான் பறிகொடுத்தாள். "மீன் செத்ததுக்கா இந்த அழுகை?" என்று மாமி வீட்டில் சிரித்தார்கள். ஆமாம், மீன் செத்ததற்குத்தான் அழுதாள். யாருக்கு என்ன?

கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்துகிற அவள் தம்பி ஷிப்லிக்கு அது பொறுக்கவில்லை. எங்கேயோ தேடி ஒரு சோலர் பெனல், ஒரு கார் பெட்டறி, அந்தப் பெட்டறியில் ஓடுகிற சின்னப் பம்ப் எல்லாம் பிடித்துவிட்டான். பெட்டறியும் வயர்ச் சுருளுமாக இரண்டு பேரும் ஓட்டோவில் வந்தால் செக்பொயின்ட்டில் சும்மா விடுவார்களா? "மே மொனவத?" இதெல்லாம் என்ன என்று ஆமிக்காரன் சிங்களத்தில் துப்பாக்கியை நிமிர்த்திக் கேட்டான். "மாளுன்ட, மஹத்தயா," என்றாள் லுத்பியா. மீனுக்கென்று கேட்டதும் அவன் துப்பாக்கி குலுங்கச் சிரித்தான். போகச் சொல்லிவிட்டான்.

பெனல் மொட்டைமாடியில் ஏறியது. முதல் வாரம் ராஜ வாழ்க்கை. ஊர் இருட்டில் கிடக்க, லுத்பியாவின் மீன்களுக்கு மட்டும் குமிழி குமிழியாகக் காற்று. அடுத்த வாரம் பம்ப் முனகத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை கட் முடிவதற்குள் அடங்கியே போனது. நல்ல காலம், கரண்ட் வந்து மீன்கள் தப்பின.

"செத்த பெட்டறிய எனக்குக் கட்டிட்டாய்," என்று மறுநாள் கடையிலிருந்து தம்பிக்கு டெலிபோன் எடுத்துக் கத்தினாள்.

"பெட்டறி நல்லாத்தான் ஈக்கிது ராத்தா. பெனல்ல நிழல் கிழல் விழுகுதா? ஒரு மூலைய மறைச்சாலே சார்ஜ் ஏறாது. பகல்ல போய்ப் பாருங்க."

சனிக்கிழமை அரைநாள் வேலை. வந்த கையோடு மாடிக்கு ஏறினாள்.

பெனலைக் காணவில்லை. அதாவது, பெனல் இருந்தது; அதன் மேல் வேப்பம்பூ வடகம் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, குடையை விரித்துப் பிடித்தபடி நாகமணி காகம் கலைத்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கனடா மகனின் ஸ்பொன்சருக்காகக் கீழ்மாடி அறையில் காத்திருக்கிறவள். குடை நிழலும் பெனலில்தான் விழுந்திருந்தது.

"வா பிள்ளை! நல்ல சாமான் வாங்கி வச்சிருக்கிறாய். ஒரே வெயில்ல முறுகக் காயுது. ஒட்டாமக் கொஞ்சம் நல்லெண்ணெய் பூசினனான்."

லுத்பியாவுக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். நல்லெண்ணெயா! "அக்கா, இது வடகம் காயப்போடுறதுக்கு இல்ல. இதுலதான் என்ட மீன் உயிரோட ஈக்கிது," என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

நாகமணியின் முகம் சுருங்கிவிட்டது. வடகத்தை அள்ளினாள். தன் சேலைத் தலைப்பாலேயே கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். ஆனால் சூரியன் அவள் அவசரத்துக்கு நிற்குமா? மிச்ச வெயிலில் ஏறியது சொற்பம். பின்னேரம் கரண்ட் போனது, பம்ப் கொஞ்ச நேரம் ஓடி மூச்சை விட்டது. தங்கமீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்தன. லுத்பியா மெழுகுதிரியோடு தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

கதவு தட்டப்பட்டது. நாகமணி, கையில் இரண்டு சில்வர் டம்ளர்.

"தண்ணியில காத்துத்தானே வேணும்? தேத்தண்ணி ஆத்துற மாதிரி ஆத்துவம். தள்ளு."

தொட்டியின் ஒரு மூலையில் தண்ணீரை மொண்டு, உயர்த்தி, நுரைக்க நுரைக்க ஊற்றினாள். மொண்டாள், ஊற்றினாள். லுத்பியாவும் ஒரு டம்ளரை எடுத்தாள். ஒருத்தியின் கை சோர்ந்தால் மற்றவள். இடையில் நாகமணி மகனைத் திட்டினாள், லுத்பியா மாமியைத் திட்டினாள், இரண்டு பேருமாக மின்சார சபையைத் திட்டினார்கள். தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் வெள்ளம்.

கொஞ்சம் கொஞ்சமாக மீன்கள் கீழே இறங்கின. ஒன்றுகூடப் புரளவில்லை. லுத்பியாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"போய்ப் படுங்கக்கா, இனி நான் பாக்கிறன். கை நோகுமே உங்களுக்கு."

"கை கிடக்கட்டும். கீழ போய் இருட்டுக்குள்ள ஆரோட கதைக்கிறது?" நாகமணி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மீன்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கும் பின்னேரம் கரண்ட் போகும்தானே, பிள்ளை?"

நாளைக்கு ஞாயிறு. பகல் முழுக்க வெயில் பெனலுக்குத்தான். பெட்டறி நிறையும், பம்ப் தானாக ஓடும், ஆத்துவதற்கு ஆள் வேண்டியதில்லை. லுத்பியாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

"போகும்," என்றாள். "நேரத்தோட வாங்கக்கா. எனக்குத் தனியா ஏலாது."