ஞாயிற்றுக்கிழமைக் கல்

கொசுகூடக் கடிக்க முடியாத கோ ஓன் மௌங், வலி வருவதற்கு முன் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தில் எலுமிச்சை பிழிந்தது. மனைவி மா துஸா மீன்சாற்றில் உப்பைக் குறைத்துவிட்டாள் என்று இன்னொரு மூடியையும் பிழிந்தான். "உப்பு இல்லைன்னா புளிப்பை ஏத்துவாங்களா?" என்று கேட்டாள். "இந்த வீட்டுல கேட்டது எங்கே கிடைக்குது, கிடைச்சதைத்தானே திங்கணும்" என்றான். விரலைச் சப்பிவிட்டு, லாரியைக் கிளப்ப எழுந்தவன் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

அவன் இடது கையில், தோலுக்கடியில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மாணிக்கம் இருந்தது. பர்மாவின் மாணிக்க ஊரான மோகோக்கில் சுரங்கக்காரர்கள் கழுவிக் கொட்டும் சரளையில் தேடும் உரிமை பெண்களுக்கு மட்டும்தான்; கிடைத்த கல் எடுத்தவளுக்கே. மணமான புதிதில் துஸா முழங்கால் நீரில் நின்று அதை எடுத்தாள். கல் தரகர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஆற்றுத்துறைக்குப் போகும் மலைப்பாதையில் கலகக்காரர்கள் லாரிகளைச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஓன் மௌங் ஞாயிறு பிறந்தவன். ஞாயிறு பிறந்தவனுக்குச் சூரியன், சூரியனுக்கு மாணிக்கம். மோதிரத்தில் போட்டால் அதிர்ஷ்டம், சதையில் போட்டால் காவல் என்பது ஊரறிந்தது. அவள் விற்கவில்லை. பச்சை குத்துபவரை அழைத்து, அவன் கையைக் கீறிக் கல்லை உள்ளே வைக்கச் சொன்னாள். அந்தக் காயம் ஆறிய பிறகு அவனுக்கு வேறு காயமே வரவில்லை. குண்டுகள் சட்டையைத் துளைத்து, தோலில் பட்டு, இருக்கையில் உதிர்ந்தன. லாரி ஒருமுறை பள்ளத்தில் உருண்டபோது லாரியை மட்டும் பழுது பார்த்தார்கள். துஸா சட்டைகளைத் தைத்தாள். தையல் நூல் விலை ஏறியது தவிர அவளுக்கு வேறு குறை இல்லாமல் பதினோரு வருடம் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, குடல்வாலில் சீழ் பிடித்திருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார். மயக்க ஊசி வளைந்தது. இன்னொன்றும் வளைந்தது. மயக்கமில்லாமலே அறுக்கச் சொன்னான் ஓன் மௌங், கத்தி மழுங்கியது. ரங்கூனிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் மூன்றாவது கத்தியைத் தட்டில் எறிந்தார்.

"அம்மா, கால்மணி நேர வேலை இது. உள்ளே போக எனக்கு ஒரு வழி மட்டும் காட்டுங்க."

"கல்லை எடுத்துட்டா சரியாயிடும், டாக்டர்."

"சரி, எடுக்கறேன். எங்கே கீறட்டும்?"

ஊரில் எல்லோரிடமும் யோசனை இருந்தது. பட்டை தீட்டுபவர் தன் சாணைச் சக்கரத்தையே கொண்டுவந்து அவன் கையில் வைத்துச் சுற்றினார், சக்கரம் தேய்ந்தது. சூரியனுக்குச் சனி பகை என்று ஒரு தரகர் நீலக்கல்லோடு வந்தார். மாணிக்கமும் நீலமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று மற்றொன்றைக் காட்டிக்கொடுக்காது என்று பட்டை தீட்டுபவர் சொன்னார், அப்படித்தான் ஆயிற்று. கடைசியில் சோதிடர், வெள்ளியின் கல்லான வைரம்தான் வெட்டும், அதுவும் வெள்ளி பிறந்த கையால் என்றார். துஸா வெள்ளி பிறந்தவள். ஆனால் காலால் உதைத்த இடமெல்லாம் கல் கிடைக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் வைரம் மட்டும் கிடையாது. அவள் கடைத்தெரு முழுக்க அலைந்து, படத்துக்குச் சட்டம் போடுபவரிடம் கண்ணாடி வெட்டும் கருவியைக் கண்டுபிடித்தாள். அதன் முனையில் கடுகுக்கும் சிறிய வைரம் இருந்தது. கருவியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவரும் கூடவே வந்தார்.

கருவியைப் பார்த்ததும் காய்ச்சலிலும் ஓன் மௌங் சிரித்தான். "என்னை எந்தச் சட்டத்துல மாட்டப்போற?"

"வாயை மூடிக்கிட்டு கையை நீட்டுங்க, கோ."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி இழுத்தாள். கண்ணாடியில் விழுவது போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. ரத்தம் வரவில்லை. அதே கோட்டின் மேல் மறுபடி இழுத்தாள், மறுபடியும் இழுத்தாள். வைரம் கழன்று எங்கோ விழுந்தது.

"கண்ணாடின்னா இனிமே தட்டி உடைப்போம்க்கா" என்றார் சட்டக்காரர், தன் கருவியைப் பார்த்தபடி.

அவள் தட்டியும் பார்த்தாள். முதலில் விரலால், பிறகு முஷ்டியால், பிறகு உலக்கையால். "திற, சனியனே" என்று கல்லைத் திட்டினாள். "போதும் விடு. உனக்குத்தான் கை வலிக்கும்" என்றான் அவன். மறுநாள், கல் சந்தையில் வெள்ளைக் குடைகள் விரியும் நேரத்தில், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் அவன் இறந்தான். குளிப்பாட்டியவர்கள் அவன் விரலில் எலுமிச்சை வாசனை போகவில்லை என்று சொன்னார்கள். சாவுக்கு வந்த தரகர்கள் இடது கைப் பக்கமாகவே நின்றார்கள்.

பல வருடம் கழித்து, சுரங்கம் இடுகாடு வரை வந்தபோது, பழைய பிணங்களை எல்லாம் வேறிடத்துக்கு மாற்றினார்கள். பக்கத்துக் குழிகளில் எலும்பு கிடைத்தது. ஓன் மௌங் போட்டபடியே கிடந்தான்; வேர்கள் அவனைச் சுற்றி வளைந்து போயிருந்தன. கூலியாட்கள் கனத்தைப் பற்றி மட்டும் முணுமுணுத்தார்கள். செய்தி கேட்டு, நரைத்துப்போன அதே தரகர்கள் குறடும் உளியுமாக வந்தார்கள். துஸா வழி விட்டு நின்றாள்.

"எடுக்க முடிஞ்சா எடுத்துக்கோங்க. நானும் கேட்டுப் பார்த்தவதான்."

உளிகள் மழுங்கியதும் அவர்கள் போனார்கள். புதுக் குழியில் இறக்குமுன் அவள் குனிந்து அவன் இடது கையைப் பார்த்தாள். வெள்ளைக் கோடு இருந்தது. வலது கையை எடுத்து முகர்ந்தாள். எலுமிச்சை வாசனை அடித்தது.