பத்தாம் நாள் கிளம்பிய கால்கள்

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட பத்தாம் நாள் காலை, கிளாட்வினின் பாதங்கள் அவனுக்கு முன்னதாக ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிப் போய்விட்டன. தூத்துக்குடியில் கட்டிலில் அவை கிடந்தபடிதான் கிடந்தன. கிள்ளினால் மட்டும் தெரியவில்லை. மனைவி பிளாரன்ஸ் போர்வையை விலக்கியபோது உள்ளங்கால்களில் செம்மண் ஒட்டியிருந்தது. முந்திரிக்கொட்டை ஏற்றும் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் துறைமுகத்து மண் அது என்று, அங்கே கப்பலில் போய்வந்த பக்கத்து வீட்டு ஜாய்சன் பார்த்ததுமே சொன்னார்.

இதில் நாள் கணக்கு ஒன்று இருக்கிறது. ஊசி போட்டதற்குச் சான்றாகக் கொடுக்கும் மஞ்சள் அட்டை பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். உடம்புக்குள் காவல் தயாராக அத்தனை நாள் வேண்டும். ஊசியில் இருப்பது வலுக்குறைத்த கிருமி. அதைக் காட்டி உடம்பு தன் காவலாளிகளைப் பழக்குகிறது. லட்சம் பேரில் ஒருவருக்கு அந்தக் காவலாளிகள் ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையை உரிக்கத் தொடங்குவார்கள், வயரின் ரப்பரை எலி கடிப்பதுபோல. உறை போனால் செய்தி போகாது. டாக்டர் ஜெயசெல்வி இப்படித்தான் விளக்கினார். செம்மண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, துடைத்துவிடச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் முழங்கால் போயிற்று, பதினான்காம் நாள் இடுப்பு. நெஞ்சு போனால் மூச்சும் போகும் என்றார் டாக்டர். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. பிளாரன்ஸ் யோசித்தாள். ஆப்பிரிக்கா போகும் கப்பலில் வேலைக்குக் கையெழுத்துப் போட்ட ஆள், அட்டையும் செல்லுபடியாகிவிட்டது, உடம்பு சட்டப்படிதானே போகிறது? கப்பல் ஏஜென்டிடம் போய் விலகல் கடிதத்தை வாங்கி வந்து கிளாட்வினிடம் நீட்டினாள்.

“ஏளா, ரெண்டு வருசமா காத்துக் கெடந்த கப்பல். இத விட்டா எவன் கூப்புடுவான்?”

“நெஞ்சாங்கூடு மட்டும் அங்கன போய் எஞ்சின் ஓட்டுமோ? கை இன்னும் இங்கனதான கெடக்கு. போடுங்க.”

“காலு பாட்டுக்கு ஊரு சுத்துது. எனக்குத்தான் சம்பளம் இல்லயாக்கும்.”

சிரிக்கப் பார்த்தான்; பாதிச் சிரிப்பில் மூச்சு நின்று வந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

கடைசி விலா எலும்போடு மரப்பு நின்றது. மருந்தால்தான் என்றார் டாக்டர், பிளாரன்ஸ் மறுக்கவில்லை. போனவை சரக்குக் கப்பலின் வேகத்தில் திரும்பின, இடுப்பு முதலில், பாதம் கடைசியில். வழியில் எல்லாத் துறைமுகத்திலும் நின்று வந்ததால் ஐந்து மாதம் பிடித்தது. அதன்பின் எந்தக் கப்பலும் அவனைக் கூப்பிடவில்லை.

இப்போது பம்புசெட் பழுது பார்க்கிறான். ஆப்பிரிக்கா போகிறவர்கள் ஊசி போட்ட கையோடு அவனிடம் வந்து அபிஜானில் வழி கேட்கிறார்கள். எழுந்து நாலடி நடந்து பார்த்துவிட்டு, “துறைமுகத்து கேட்ட தாண்டி எடது பக்கம் போ லே, அங்கன ஒரு மேடு வரும்” என்கிறான். இதுவரை யாரும் வழி தவறவில்லை.