இறங்கச் சொன்னவர்

கூடாரத்தின் உச்சி வளையத்தைக் கவைக்கோலில் ஏந்திக்கொண்டு மெதெர் முற்றத்தின் நடுவில் நின்றான். சுற்றிலும் நின்ற ஆண்கள் வளைந்த கழிகளை எடுத்து, ஒரு முனையை வளையத்தின் துளையில் செருகி, மறுமுனையைப் பின்னல் சுவரோடு இழுத்துக் கட்டினார்கள். எதிரெதிராகத்தான் செருக வேண்டும். ஒரே பக்கமாகச் செருகிக்கொண்டு போனால் பாரம் சாய்ந்து வளையம் தலையில் விழும். நான்கு திசையிலும் கழி ஏறிவிட்டால் அப்புறம் கோல் வேண்டாம். கூடு தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும்.

புருல் வீட்டுப்படியில் நின்று அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கணப்பு எரிந்தது. சூட்டில் உடம்பு தாங்காது என்பதால்தான் இறந்தவருக்கு வெளியே கூடாரம். மார்ச் மாதத்தில் அதன் தரை பனிக்கட்டிபோலக் குளிர்ந்து கிடக்கும். விடியலில் உயிர்விட்ட அப்பா நாளை நண்பகல்வரை அங்கேதான் படுத்திருப்பார். அதற்குள் தூரத்து உறவெல்லாம் வந்து சேர்ந்துவிடும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. போன இலையுதிர்காலத்தில் அப்பா வலப்பக்கம் செயலிழந்து விழுந்ததிலிருந்து, அவரைப் புரட்டிப் படுக்க வைத்ததும், கஞ்சி ஊட்டியதும், ஈரத்துணி மாற்றியதும் அவள்தான். எங்காவது சுவரில் சாய்ந்தால் நின்றபடியே தூங்கிவிடுவாள்போல இருந்தது.

"உடம்பைக் கழுவுறது யாருடா?" என்று கேட்டாள் சூரா அத்தை. அப்பாவின் அக்கா. தம்பி செத்த துக்கத்திலும் வேலை பிரிப்பதை அவள் விடவில்லை. "இப்பவே ஆளைச் சொல்லி வைக்கணும். நாளைக்கு வந்து ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துட்டு நிக்கக் கூடாது."

மெதெர் தலையை அண்ணாந்தபடியே பெரியப்பா பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னான்.

"ஜுமாதில் அபாவும் கழுவணும்" என்றாள் புருல். "அப்பா சொல்லியிருக்காரு."

கழி செருகிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"யாரு, மில்லு ஜுமாதிலா?" மெதெரின் கோல் ஆடியது. "அப்பா மூணாவது தடவை எலெக்‌ஷன்ல நின்னப்ப, மேடையில அவரு பேசிட்டிருக்கும்போதே எந்திரிச்சு முதுகைக் காட்டிட்டுப் போன ஆளு. ஊரே பாத்துச்சு. அந்த ஆளா எங்கப்பாவைத் தொடணும்?"

"எனக்குப் பிடிச்சுதான் சொல்றேனா? அவரு சொன்னாரு."

"உங்கிட்ட மட்டும் சொன்னாராக்கும்."

"நீ வந்து பக்கத்துல உக்காந்திருந்தா உங்கிட்டயும் சொல்லியிருப்பாரு."

"ஏய், கழியைப் பாருங்கடா" என்று அத்தை அதட்டினாள். "அண்ணன் தங்கச்சியா இருந்தாலும் அக்கா தம்பியா இருந்தாலும் சண்டைக்கு நேரம் கெட்ட நேரம்தான் கிடைக்கும்."

ஜுமாதில் உறவுக்காரர் அல்ல. அப்பா ஆப்கான் போரில் ஹெலிகாப்டர் ஓட்டியபோது அதன் மெக்கானிக். இரண்டு விமானிகளுக்கும் நடுவில், கதவை ஒட்டி மடக்கிப்போடும் சின்ன இருக்கையில் உட்கார்ந்து போனவர். புருலுக்குச் சித்தப்பா முறை வைத்து அபா என்றே பழக்கம்.

அப்பாவின் மலைக்கதை ஊருக்கே தெரியும். காயம்பட்டவர்களை ஒரு முகட்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த கதை. அதைச் சொல்லித்தான் அவர் இரண்டு தடவை தலைநகர் பிஷ்கெக்கில் நாடாளுமன்றத்துக்குப் போனார். ஹெலிகாப்டர் மேலெழும்புவது அதன் இறக்கை காற்றைக் கீழே தள்ளுவதால். தள்ளுவதற்குக் கனமான காற்று வேண்டும். மலைமேல் போகப் போகக் காற்று மெலிந்துவிடும். கீழே இருபது பேரைத் தூக்கும் இயந்திரம் அங்கே எட்டுப் பேருக்கே திணறும். அன்றைக்கு ஏறக் காத்திருந்தவர்கள் அதைவிட அதிகம். பின்கதவுகளைக் கழற்றிப் போட்டார்கள். பெஞ்சுகளை எறிந்தார்கள். எரிபொருளில் பாதியைத் தரையில் ஊற்றினார்கள். அப்புறம் சக்கரத்தில் ஓடவிட்டு, முகட்டின் விளிம்பைத் தாண்டிக் கீழே விழவிட்டார்கள். விழுகிற வேகத்திலேயே இறக்கைக்குப் பிடி கிடைத்து அது எழும்பியது.

மேடையில் கதை அவ்வளவுதான். வீட்டில் மட்டும் அப்பா மிச்சத்தையும் சொல்வார். எல்லாவற்றையும் எறிந்த பிறகும் இயந்திரம் தரையைவிட்டு அசையவில்லை. அவர் நடு இருக்கைப் பக்கம் திரும்பி, "நீ இறங்கு" என்றார். ஜுமாதில் இறங்கினார். விடிந்ததும் அப்பா திரும்பிப் போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்தார்.

நாடாளுமன்றக் காலத்தில் அரசு மாவுமில் விற்பனைக்கு வந்தது. அப்பா வாங்கினார். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஜுமாதிலைக் கூப்பிட்டுக்கொண்டார். சில வருஷம் கழித்து எல்லைக்கு அந்தப்பக்கமிருந்து மலிவு மாவு வந்து குவிய, மில் தள்ளாடியது. அப்பா எல்லோரையும் மில் வாசலில் கூட்டி, "மெஷின் கனம் தாங்கலை, கொஞ்சம் பேர் இறங்கித்தான் ஆகணும்" என்றார். முதலில் சொன்ன பெயர் ஜுமாதில். தன் ஆளையே முதலில் இறக்கினால் மற்றவர்கள் குறை சொல்ல முடியாது என்று நினைத்தார். அவனுக்குப் புரியும் என்றும் நினைத்தார். ஜுமாதில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். பிறகு மில் நிமிர்ந்தது. மாவோடு மக்ரோனியும் போட்டார்கள். அப்பா அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் ரொம்ப நாளாகிவிட்டது.

துக்க வீட்டு மகள் முற்றத்தைவிட்டு வெளியே போவது வழக்கமில்லை. புருல் கறுப்புத் துணியைத் தலையில் இறுக்கிக்கொண்டு காரை எடுத்தாள். "போ போ, ஊரு பேசட்டும், அதுக்கும் பொழுது போகணும்ல" என்றாள் அத்தை.

ஜுமாதில் தன் வீட்டு வாசலில் தேன்பெட்டிச் சட்டங்களிலிருந்து பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"கேள்விப்பட்டேன்" என்றார். "மண்ணு அவருக்கு மெத்தையா இருக்கட்டும். டீ குடிக்கிறியா?"

"வேணாம் அபா. அப்பா உங்களைக் கழுவச் சொன்னாரு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கத்தி சட்டத்தின்மேல் ஒருமுறை போய்வந்தது.

"அவருக்குப் பேச்சே போயிடுச்சுன்னு சொன்னாங்க."

"பாதி வாயி இருந்துச்சு. உங்க பேரைச் சொல்ல ரொம்ப நேரம் ஆச்சு. எனக்குப் புரியலைன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு."

"அப்படியா. மைக் கையில இருந்தப்ப அந்தப் பேரு ஒரு தடவைகூட வாயில வரலை."

பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் புருல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பு மொத்தமும் கீழே இறங்கியது.

"உங்க கோவம் எனக்குத் தெரியும் அபா."

"கோவமெல்லாம் முதல் ரெண்டு வருஷம்தான். அப்புறம் அது ஒரு பழக்கம். புகையிலை மாதிரி." சுரண்டிய மெழுகை உருண்டையாகப் பிடித்து டப்பாவில் போட்டார். "மலையில என்னை இறக்கிவிட்டுட்டுப் போனாருல்ல, ராத்திரி பூரா ஒரு பாறைக்கு அடியில கிடந்தேன். குளிர்ல பல்லு கிட்டிச்சு. ஆனா வர மாட்டாருன்னு மட்டும் ஒரு தடவைகூட நினைக்கலை. மில்லுல இறக்குனப்பவும் அப்படித்தான் வந்து வீட்டுல உக்காந்தேன். தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு கேட்டைப் பாப்பேன். என் பொண்டாட்டி சிரிப்பா. எத்தனை வருஷம் பாத்தேன் தெரியுமா? அதை நினைச்சாத்தான் எனக்கு என் மேலயே வெக்கமா இருக்கு."

"வருவீங்களா?"

"தேனீ வெளிய வர ஆரம்பிச்சிருச்சு" என்றார் அவர், அடுத்த சட்டத்தை எடுத்துக்கொண்டே. "பாக்க ஆள் வேணும்."

திரும்பும்போது ஆற்றுப்பாலத்தின் ஓரத்தில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு புருல் கொஞ்ச நேரம் தூங்கினாள்.

மறுநாள் காலை பெண்கள் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு அந்தப்பக்கம் அப்பா. வெளியே மெதெரும் மற்ற ஆண்களும் தடியை ஊன்றிக் குனிந்து நின்றார்கள். இழவுக்கு வருகிற ஆண், தெருமுனையிலிருந்தே உரக்க அழுதுகொண்டு வர வேண்டும். செத்தவர் தனக்கு என்ன முறையோ அந்த முறையைச் சொல்லி அழ வேண்டும். அதனால் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவளுக்கும் வருவது யாரென்று தெரிந்துவிடும். "ஐயோ என் மாமனே" என்றால் அம்மா வழி. "என் தகப்பனே" என்றால் மில்லில் வளர்ந்த பையன்களில் ஒருவன். "என் மலையே, என் கோட்டையே" என்று முறை சொல்லாமல் அழுதால் கட்சிக்காரன்.

ஒவ்வொரு குரலுக்கும் பெண்கள் ஒப்பாரியை ஏற்றினார்கள். மகள்தான் அடியெடுத்துக் கொடுக்க வேண்டும். வானத்தில் பறந்ததைச் சொல்லி, சபையில் பேசியதைச் சொல்லி, ஊருக்கு மாவு அரைத்ததைச் சொல்லி, புருல் பாடிக்கொண்டே இருந்தாள். தொண்டை பாடியது. காது மட்டும் ஒரு குரலைத் தேடியது. "கூடப்பிறந்தவனே" என்று யாராவது அழும்போதெல்லாம் பாட்டு ஒரு கணம் தடுக்கியது. எல்லாம் பெரியப்பா வீட்டார்.

வெந்நீர் அண்டாவை இறக்கும் சத்தம் கேட்டது. கழுவும் நேரம் வந்துவிட்டது. அப்போது யாரோ அழாமல் வந்தார். சேற்றில் பூட்ஸ் சத்தம் கூடாரத்தின் பக்கத்தில் வந்து நின்றது. ஆண்களின் அழுகை நின்றுபோயிற்று.

"வாங்க அபா" என்றது மெதெரின் குரல்.

அத்தை கூடாரத்தின் கம்பளி மடிப்பை விலக்கிப் பார்த்தாள். "வந்துட்டான் உன் மெக்கானிக்கு" என்று புருலின் காதில் சொன்னாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. மரக்கட்டை."

பெண்கள் வெளியேறினார்கள். புருல் வெந்நீர்க் குடங்களை வாசல் கம்பளிவரை கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கியது. தண்ணீர் விழும் ஓசைக்கு நடுவே மெல்லிய பேச்சு கேட்டது.

"தலையை நான் பிடிச்சுக்கிறேன். நீ ஊத்து. மெதுவா."

கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே குரல். "இந்தத் தொடையில இரும்புத்துண்டு இன்னும் இருக்கு. பாத்துத் திருப்பு. குளிர்காலத்துல வலிக்கும்பாரு."

புருல் காலிக்குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தினம் புரட்டிப்போட்டவள் அவள். அவளும் அந்தத் தொடையை அப்படித்தான் பார்த்துப் பிடிப்பாள்.

கழுவியவர்களுக்கு இறந்தவரின் துணிகளைக் கொடுக்க வேண்டும், மறுக்கக் கூடாது. அத்தை பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஜுமாதில் கையில் கறுப்பு மேல்கோட்டைத் திணித்தாள். அப்பா சபைக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டு.

"இது எம்.பி. கோட்டு" என்றார் அவர். "என் உடம்புக்கு ஆகாது."

"ஆகுதோ இல்லையோ போடு. குளிர்ல வெடவெடங்குற. அவன் போயிட்டான், உன்னையும் சேத்துப் புதைக்க எங்களுக்குத் தெம்பு இல்ல."

போட்டுக்கொண்டார். கோட்டின் கை விரல்களைத் தாண்டித் தொங்கியது. அதைச் சுருட்டிவிட்டுப் புருல் அவர் கைகளில் தண்ணீர் ஊற்றினாள். அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், கிரீஸ் கழுவுகிறவர் மாதிரி.

"ரொம்ப எடை குறைஞ்சிட்டாரு" என்றார், கையைப் பார்த்துக்கொண்டே.

"கடைசியில எதுவும் இறங்கலை அபா. தண்ணிதான்."

"அன்னைக்கு இந்த எடையில இருந்திருந்தா நான் இறங்கியே இருக்க வேணாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வேறெதுவும் இல்லை. கோட்டின் ஓரத்தில் கையைத் துடைக்கப் போனவர், அது யாருடையதென்று நினைவு வந்து, பேண்டில் துடைத்துக்கொண்டார்.

தெருவில் தொழுகை நடந்தது. "இவர் எப்படிப்பட்ட மனுஷன்?" என்று முல்லா கேட்டதும், "நல்ல மனுஷன்" என்று கூட்டம் சொன்னதும் கூடாரத்துக்குள் கேட்டது. எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து வந்தன. அதில் எந்தக் குரல் இருந்தது, எது இல்லை என்று பிரித்தறிய முடியவில்லை.

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பாடையை லாரியில் ஏற்றியதும் ஒப்பாரி உச்சத்துக்குப் போய் மெல்ல அடங்கியது. புருல் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் இடுகாட்டு மேடு தெரியும். பனி உருகிய சேற்றில் பாதை பழுப்பாக வளைந்து ஏறியது.

பாதி வழியில் லாரி நின்றது. பின்சக்கரங்கள் சுழன்று சேற்றை வாரியடித்தன. வண்டி முன்னேறாமல் ஓரத்துக்கு வழுக்கியது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கையை ஆட்டுவது தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று கேட்காமலே தெரியும். கனம். இறங்குங்க.

லாரியின் பின்னாலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். பெரியப்பா பிள்ளைகள் குதித்தார்கள். கட்சிக்காரர்கள் காலணி பாழாவதைப் பார்த்துப் பார்த்து இறங்கினார்கள். முல்லாவைக் கைபிடித்து இறக்கினார்கள். மெதெரும் குதித்தான். சக்கரம் மறுபடி சுழன்றது. மறுபடி வழுக்கியது.

மேலே, பாடையின் தலைமாட்டில், கறுப்புக் கோட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. மெதெர் அண்ணாந்து அதனிடம் ஏதோ சொன்னான். பிறகு சொல்வதை விட்டுவிட்டு, லாரியின் பின்பலகையில் தோளைக் கொடுத்தான். மற்றவர்களும் வந்து தோளைக் கொடுத்தார்கள்.

"ஏய், அங்க என்ன பாக்குற?" அத்தை கூடாரத்துக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "வா, வந்து சுவத்தைப் பாத்து உக்காரு."

"இதோ வர்றேன் அத்தை" என்றாள் புருல். நகரவில்லை.

லாரி சேற்றைவிட்டு எழும்பி வளைவில் ஏறியது. கோட்டுக்காரர் ஒரு கையைப் பாடையின்மேல் வைத்திருந்தார். சுருட்டிவிட்ட கோட்டின் கை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.