கால்ஷீட் கொடுத்த வீடு

தெரு வளைவில் இருக்கும் தையல்காரம்மாவின் வீட்டில் ஐந்து அறைகள். யாராவது வீடு பார்க்க வந்தால் நான்கு. வாசலில் தரகர் செருப்பைக் கழற்றினால் போதும், ஓர் அறை சுவருக்குள் போய்விடும். ஆள் போனதும் ஒன்றும் தெரியாத மாதிரி திரும்பி வரும். அந்தம்மாவின் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போய்விடலாம் என்று அவரே ஒரு தரகரை வரச்சொல்லிவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பின்னறையில் கண்ணயர்ந்தார். தரகர் வந்தார், பின்னறை போயிற்று. தரகர் போனார், பின்னறை வரவில்லை. இது நடந்து இரண்டு வருஷமாகிறது. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்று தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. சாப்பிட்டுவிட்டுத்தானே போனார், இன்னும் செரிக்கவில்லை, அவ்வளவுதான். கொத்தனாரை வைத்துச் சுவரை இடித்ததில் பக்கத்து வீட்டுக் குளியலறை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அப்போது தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்ததால் அந்த முயற்சி அத்தோடு கைவிடப்பட்டது. குறட்டை மட்டும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தையல்காரம்மா மெஷினை அந்தச் சுவரோரம் போட்டு, மிதித்தபடியே அவரைத் திட்டிக்கொண்டிருப்பார். சமீபமாகக் குறட்டை தேய்ந்து வந்தது. மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தால்தான் கேட்டது. அறை இன்னும் உள்ளே போகிறது, ஒருநாள் ஒரேயடியாகப் போய்விடும் என்று அந்தம்மாவுக்குப் புரிந்தது.

அப்போதுதான் சினிமாக் கல்லூரி மாணவி ஒருத்தி, ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் கேமராக்காரப் பையனோடு வந்து நின்றாள். கல்லூரியில் கேமராவை முறைவைத்துத்தான் தருவார்கள். திங்கட்கிழமை அது அடுத்த குழுவுக்குப் போய்விடும். இவர்களிடம் கதை இருந்தது, வீடு இல்லை. “அம்மா, குறும்படத்துக்கு வீடு பார்க்க வந்தோம்” என்றாள்.

“அடிப்பாவி, அந்த வார்த்தையைச் சொல்லாதே!” என்று தையல்காரம்மா பாய்ந்து வருவதற்குள், அடுப்பில் வைத்த பாலோடு சமையலறை போய்விட்டது. “வாங்கல்லாம் வரலைம்மா, சும்மா பார்த்துட்டு…” என்று ஒல்லி சமாதானம் சொன்னான். இன்னோர் அறையும் போயிற்று. குறட்டை நின்றது. “என்னங்க… ஏங்க…” என்று அந்தம்மா சுவரைத் தட்டினார். இரண்டு வருஷம் ஓயாமல் திட்டிய வாயில் ஒரு திட்டும் வரவில்லை. பின்னறை அவரோடு போன கதையையும், மெஷினை மிதித்தபடி தினம் திட்டியதையும் அவர்களிடம் சொன்னார்.

“நான் பேசிப் பார்க்கட்டுமாம்மா?” என்றாள் மாணவி.

“யார்கிட்ட?”

“வீட்டுகிட்ட.”

“நானும் தினம் பேசிட்டுதானே இருக்கேன்!”

“நீங்க திட்டிட்டு இருந்தீங்க.”

அவள் கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய நடிகரிடம் கால்ஷீட் கேட்டுப் போன புது இயக்குநரைப் போல வீட்டுக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். “சார், ஓப்பன் பண்ணா ஒரு வீடு. நீங்கதான் ஹீரோ.” வாழ்நாளில் முதல்முறையாகத் தன்னிடம் ஒருவர் கதை சொல்கிறார் என்பதால் வீடு கவனமாகக் கேட்டது. ‘ஓப்பன்’ என்றதும் எங்கோ ஒரு தாழ்ப்பாள் கழன்றது. இடைவேளை வரும்போது சமையலறை திரும்பியது, பால் அப்போதுதான் பொங்கத் தொடங்கியிருந்தது. தையல்காரம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “அப்புறம்?” என்றார். பாட்டுக் காட்சிக்கு அடுத்த அறை வந்தது. “கிளைமாக்ஸ்ல பின்னறையிலேர்ந்து ஒருத்தர் வெளியே வரணும் சார். அந்த ரூம் இல்லேன்னா படமே இல்லை” என்று சொல்லி முடித்தாள். வீடு கொஞ்சம் யோசித்தது. பிறகு கதவு, ஜன்னல், கட்டில் சகிதமாகப் பின்னறை வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தது. டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, “அந்தத் தரகர் போயிட்டாரா? பசிக்குதே” என்றார்.

“போயிட்டார், இனிமே வரமாட்டார்” என்ற தையல்காரம்மா, அப்படியே தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டார். பெரிய மூச்சு, மெஷின்மேல் கிடந்த ஜாக்கெட் துணியெல்லாம் வாசல்வரை பறந்தது. ஒல்லிதான் பொறுக்கிக் கொடுத்தான்.

படப்பிடிப்பு மூன்றே நாளில் முடிந்தது. வீடு எல்லாவற்றையும் ஒரே டேக்கில் செய்தது. கடைசிக் காட்சியில் மட்டும் உணர்ச்சிவசப்பட்டு, கதையில் இல்லாத ஒரு மாடியைப் படிக்கட்டோடு எழுப்பிவிட்டது. மிகை நடிப்பு என்று கல்லூரியில் மதிப்பெண் குறைத்தார்கள், ஆனாலும் பாஸ். படம் முடிந்தும் மாடி போகவில்லை. துணி காயப்போட வசதியாக இருக்கிறது என்று தையல்காரம்மாவும் விட்டுவிட்டார்.