பர்னபே கடலுக்குப் போன கதை

ஒடீல் ஒன்றை முடிவு செய்துவிட்டால் யவுண்டே நகரமே குறுக்கே படுத்தாலும் நிற்க மாட்டாள். இந்தத் தடவை அவள் முடிவு செய்தது, வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு கிரிபி கடற்கரைக்குப் போவதென்று. அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு ஞாயிறு மாலை திரும்பிவிடலாம்.

“பெலாஜி வளந்து நிக்கிறா. இன்னும் கடலக் கண்ணால பாக்கல,” என்றபடி பொரித்த வாழைத் துண்டுகளை மேசைமேல் வைத்தாள்.

சின்னவன் ரெமி நாற்காலிமேல் ஏறி நின்று கைகளைச் சுழற்றினான். “எனக்கு அப்பா நீச்சல் சொல்லித் தருவாரு! நடுக்கடல்ல நின்ன படகு வரைக்கும் நீந்திப் போனவராச்சே!”

அப்பா பர்னபே, எடுத்த வாழைத்துண்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை அவன் கிரிபிக்குப் போயிருக்கிறான். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கரையில் நின்றான், சுட்ட மீன் தின்றான், திரும்பி வந்தான். படகு வரை நீந்திப் போனதெல்லாம் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்ன கதை. சொல்லச் சொல்லப் படகு தூரமாகிக்கொண்டே போயிருந்தது.

“மழை பெய்யுமே,” என்றான்.

“டிசம்பர்லயா? இங்க மழைக்காலம்தான் முடிஞ்சு போச்சே.”

“என் கார்ல போக முடியாது. அது பயிற்சிப் பள்ளி வண்டி. பெரிய பலகை வேற மாட்டியிருக்கு.”

“எங்கண்ணன் காஸ்தோன் வேன் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டான். வேற?”

பர்னபே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். காரோட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். ‘பயந்தவன் கையில வண்டி நிக்காது’ என்று தினமும் யாரையாவது அதட்டுபவன், அன்று இரவு போர்வைக்குள் கையையும் காலையும் உதைத்துப் பார்த்தான்.

மறுநாள் மத்தியானம், ஊர்க்கோடியில் இருந்த ஒரு விடுதியின் நீச்சல் குளத்துக்கு ரகசியமாகப் போனான். குளத்துக்குள் நண்டும் சிண்டுமாகச் சிறுபிள்ளைகள் நின்றிருந்தார்கள். நடுவில் நின்று சொல்லிக்கொடுத்த பெண் திரும்பியதும் அவனுக்குப் பகீரென்றது. எயெங்கா! அவனிடம் காரோட்டக் கற்று, தேர்வில் தோற்றுத் தோற்று, ஒருவழியாகத் தேறியவள்.

“அட, நம்ம சார்!” அவள் முகம் மலர்ந்தது. “வாங்க, வாங்க. உள்ள இறங்குங்க.”

இறங்கினான். குளத்தின் விளிம்பைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

“ஏன் சார் ஸ்டியரிங்க இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க? நேராப் பாருங்க. மூச்ச விடுங்க. பயந்தவங்க கையில வண்டி நிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க!”

பிள்ளைகள் கெக்கலித்தார்கள். இரண்டு நாள் பாடத்தில் அவன் கற்றது ஒன்றே ஒன்றுதான்: குளத்துத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை.

எயெங்கா, ஒடீல் நடத்தும் சிகையலங்காரக் கடையில்தான் முடி பின்னிக்கொள்வாள் என்பது அவனுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை பையில் துணி அடுக்கும்போதுதான் விஷயம் வெளிவந்தது. அவன் சட்டைகளுக்கு நடுவே, வாத்துத்தலை போட்ட மஞ்சள் ரப்பர் நீச்சல் வளையம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“இது ரெமிக்கா?”

“ரெமி அப்பாவுக்கு,” என்றாள் ஒடீல். சொல்லிவிட்டு அடக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏய்யா, நீச்சல் தெரியாதுன்னு சொன்னா உசுரா போயிடும்?”

“புள்ளைங்க முன்னாடி எப்படிச் சொல்றது?”

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது. “சரி, விடு. நான் பாத்துக்கிறேன்.”

சனிக்கிழமை காலை வேன் கிளம்பியது. ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒடீல் செருமிக்கொண்டாள். “எல்லாரும் கேட்டுக்குங்க. அப்பாவுக்குக் காதுல சீழ். தண்ணி படவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அடடா. எந்தக் காது மச்சான்?” என்று கேட்டான் வேனோட்டிக்கொண்டிருந்த காஸ்தோன்.

“வலது,” என்றான் பர்னபே. “இடது,” என்றாள் ஒடீல், அதே நொடியில்.

பெலாஜி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு சன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தாள். ரெமி மட்டும் துக்கம் விசாரிப்பவன்போல அப்பாவின் இரண்டு காதுகளையும் தடவிக்கொடுத்தான்.

கிரிபியில் மணலில் கால் வைத்ததும் ரெமி கத்திக்கொண்டு ஓடினான். முதல் அலை எழுந்து விழுந்ததும் அதைவிட வேகமாகத் திரும்பி ஓடி வந்தான்.

“அது ஏம்ப்பா சும்மாவே இருக்க மாட்டேங்குது?”

தண்ணீரில் நின்றபடி அக்கா கூப்பிட்டாள், மாமன் கூப்பிட்டான். அவன் அசையவில்லை. அப்பாவின் பக்கத்தில் குந்தி, மணலைக் கிளறிக்கொண்டே அழ ஆரம்பித்தான். “நான் உங்கள மாதிரி இல்லப்பா. நான் பயந்தாங்கொள்ளி.”

பர்னபேவுக்குச் சுருக்கென்றது. சற்றுத் தள்ளிப் பாய் விரித்துக்கொண்டிருந்த ஒடீலைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெமி, காது நல்லாத்தான் இருக்கு. அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் பயம்தான்.”

பையன் மூக்கை உறிஞ்சினான். “அப்ப அந்தப் படகு?”

“கரையில நின்னு பாத்தேன்.”

“பொய்யா சொன்னீங்க?”

“ஆமாடா.”

ரெமி அப்பாவின் காதை ஒருதரம் உற்றுப் பார்த்தான். கோபித்துக்கொள்ளப் போகிறான் என்று பர்னபே பயந்தான். ஆனால் பையன் எழுந்து, அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தான். “வாங்க. ரெண்டு பேரும் முழங்கால் வரைக்கும் மட்டும் போவோம். அதுக்கு மேல அது கூப்பிட்டாலும் போக வேணாம்.”

போனார்கள். வந்த அலை முழங்காலோடு நிற்கவில்லை. இரண்டு பேரையும் உருட்டிக் கரையில் தள்ளியது. பர்னபே மூக்கிலும் வாயிலும் உப்பு எரிய எழுந்து, பதறிப்போய் மகனைத் தூக்கினான். இருமி முடித்ததும் ரெமி சொன்ன முதல் வார்த்தை, “இன்னொரு தடவ!”

பொழுது சாயும்வரை அப்பாவும் மகனும் பெலாஜியோடு சேர்ந்து அலையிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுட்ட மீன் ஆறுகிறது என்று ஒடீல் கத்திப் பார்த்தாள், யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் இடுப்புத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களை இழுத்துவர அவளே கடலில் இறங்கினாள். பாயில் தனியாக உட்கார்ந்திருந்த காஸ்தோன், இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும், பெரிய மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.