வீட்டில் இருந்த ஒரே ஜார்

சொந்தக்கையார் என்பது தெரு வைத்த பெயர். சோப்பா, சொந்தக் கையால். பல்பொடியா, அதுவும் சொந்தக் கையால். கடைவாசல் மிதிப்பதென்றால் மனிதருக்கு உடம்பெல்லாம் கூசும். வீட்டைச் சுற்றியிருந்த துண்டு நிலத்தில் புதினா, துளசி, கற்பூரவள்ளி என்று பாத்தி பாத்தியாகப் போட்டுவிட்டு, "வெளியிலேர்ந்து ஒண்ணும் வேணாங்க, எல்லாம் இந்த மண்ணே குடுக்கும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அளப்பார்.

அவர் அளப்பார், சந்தையில் போய் உட்காருவது அவர் மனைவி. ஈரச் சாக்கின் மேல் இலைக்கட்டுகளைப் பரப்பி, வெயில் ஏற ஏற அவை தலை தொங்குவதைப் பார்த்துக்கொண்டு, "வாடிப்போச்சேம்மா, சும்மாவே குடுத்துடலாமே" என்று கேட்பவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். அவருடைய சோப்பைப் போட்டுக் குளித்த நாற்றம் வேறு. பக்கத்துக் காய்கறிக்காரி சாக்கை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் மகளுக்கும் இதே மரியாதைதான்.

அதனால்தான் பெரிய சாலையில் இருந்த விடுதியின் சமையல்காரர் தானாகவே வருகிறேன் என்றதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விடுதியில் புதிதாக ஒரு பச்சைப் பானம் வைக்கப் போகிறார்களாம். "உங்க கையால அரைச்சுக் குடுங்க. ருசி பிடிச்சுதுன்னா இலை மொத்தமும் உங்ககிட்டதான். வண்டியே வீட்டுக்கு வந்துடும்" என்றிருந்தார். அதாவது சாக்கைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடலாம். ஒரு தம்ளர் பானத்தில் இருந்தது அவளுடைய விடுதலை.

இதற்கிடையில் புதினாப் பாத்தியில் ஓடில்லாத நத்தைகள் இறங்கியிருந்தன. கட்டைவிரல் நீளத்துக்கு, பழுப்பாக, கொழகொழவென்று. இலையெல்லாம் சல்லடை. மருந்து வாங்குவாரா சொந்தக்கையார்? சமையல்காரர் வருவதற்கு முந்தின நாள் இரவு தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்கம் சொன்னார்.

"நத்தைக்கு நத்தைதான் மருந்து. புடிச்சு அரைச்சு, தண்ணி கலந்து அடிச்சோம்னா, மத்ததெல்லாம் வாடையிலயே ஓடிடும்."

"அப்பா, சாப்பிடறேன்ல!" என்று மகள் கத்தினாள்.

அவர் மனைவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். கிணற்றடிக் கல்லில் வைத்து நசுக்கித் தொலைப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சமையல்காரர் வந்தார். நல்ல பருத்த உடம்பு, சிரித்த முகம். முன்னறை நாற்காலி அவர் பாரத்தில் முனகியது. அவள் கொழுந்து இலையாகக் கிள்ளி மூன்று தண்ணீரில் அலசி, எலுமிச்சம்பழம் பிழிந்து, தேன் விட்டு, மிக்ஸியில் ஓட்டி வடிகட்டினாள். இனிப்புப் போதுமா என்று கரண்டியில் எடுத்து இரண்டு வாய் குடித்தும் பார்த்தாள். அருமை. நாலு தம்ளரில் ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

முதலில் நீட்டியது கணவரிடம்.

"எனக்கு வேணாம். வயிறு ஒரு மாதிரி இருக்கு."

கல்லைத் தின்றாலும் ஏப்பம் விடுகிற மனிதர். அவள் யோசித்துக்கொண்டே மகளிடம் நீட்டினாள். மகள் எடுக்கக் கை நீட்டியதுதான் தாமதம், சொந்தக்கையார் தம்ளரை வெடுக்கென்று தட்டி நகர்த்தினார்.

"நீ குடிக்காத. சளி புடிக்கும்."

"எனக்கா? எப்போப்பா சளி புடிச்சுது?"

"சொன்னா கேளு."

அவர் பார்வை சமையலறைப் பக்கம் ஒரு முறை போய்த் திரும்பியது. அவளுக்குச் சுரீரென்றது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம், குடிச்சிடாதீங்க, இன்னொரு தடவை வடிகட்டணும்" என்று சமையல்காரரிடம் சொல்லி உள்ளே போனாள். மிக்ஸி ஜாரைக் கவிழ்த்துக் கத்திக்கு அடியில் விரலை விட்டாள். வழுவழுவென்று ஏதோ ஒட்டியது. விரலை வெளியே எடுத்தாள். இழை இழுத்துக்கொண்டு வந்தது. நுனியில் பழுப்பாக ஒரு துணுக்குத் தோல்.

பின்வாசலுக்கு ஓடிக் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு ஓங்கரித்தாள். வந்ததெல்லாம் பச்சையாக இருந்தது.

சொந்தக்கையார் பின்னாலேயே வந்து நின்றார்.

"மெதுவா. அவர் காதுல விழப்போகுது."

"எப்போ அரைச்சீங்க?"

"காலையில. நீ குளிக்கப் போனப்ப. வெந்நீர் ஊத்தி நல்லாத்தான் கழுவினேன்."

"கழுவினா அப்புறம் நீங்க ஏன் குடிக்கல?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"இன்னொரு ஜார் வாங்கலாம்னு சொன்னேனா இல்லையா? சரி, அது போகட்டும். நான் அரைக்கறதப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"அவர் உக்காந்துட்டார்ல. அப்போ போய் எப்படிச் சொல்றது? குடிச்சா ஒண்ணும் ஆகாதும்மா. அதுவும் இலையைத் தின்னு வளந்ததுதானே!"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். மகளைக் காப்பாற்றிவிட்டார். கரண்டியில் அவள் வாய் வைத்தபோது இந்த மனிதர் நிலைப்படியில் சாய்ந்து நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. நத்தையைத் தொட்டபோது வந்ததைவிடப் பெரிய குமட்டல் ஒன்று நெஞ்சில் வந்து நின்றது. அதைத் துப்ப முடியவில்லை.

முன்னறைக்குப் போனாள். சமையல்காரர் தம்ளரைக் கையில் எடுத்து வாசனை பிடித்துக்கொண்டிருந்தார். "அட, மணம் தூக்குதேம்மா!" என்றார்.

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டி வாசலில் நிற்பதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு தம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"குடிக்காதீங்கண்ணா. இதை அரைச்ச ஜார்லதான் இவர் நத்தை அரைச்சிருக்கார்."

"எ... என்னது?"

"நத்தை. செடிக்கு அடிக்க. எனக்கே இப்பதான் தெரியும்."

சமையல்காரர் எழுந்தார். நேராகக் குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அங்கே இருந்த சோப்பை மட்டும் தொடவில்லை.

"சொன்னீங்களே, அதுக்கு உங்களுக்குக் கோடிப் புண்ணியம்மா. ஆனா இனிமே இந்த வீட்டு இலையைப் பாத்தா எனக்கு வேற எதுவும் ஞாபகம் வராது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். சொந்தக்கையாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு? வீடு தேடி வந்ததக் கெடுத்துட்டியே!"

அவள் அவருடைய தம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க. நீங்க குடிச்சுட்டா நான் பேசினது தப்புன்னு ஒத்துக்கறேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். சொந்தக்கையார் தம்ளரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், "தோட்டத்துல வேலை கெடக்கு" என்று எழுந்துபோனார்.

அடுத்த சந்தைக்கு முன்பே விஷயம் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. அவள் வழக்கமான இடத்தில் சாக்கை விரித்தாள்.

"என்னக்கா, நத்தை சேத்ததா, சேக்காததா?" என்று காய்கறிக்காரி குரலெழுப்ப, சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சேக்காதது. நானே கிள்ளினது, நானே அலசினது. அந்தாளு கை பட்ட பாத்தியிலேர்ந்து ஒத்தை இலைகூட இதுல கெடையாது."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குனிந்து புதினாக் கட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தாள், மறுபடியும் திருப்பினாள்.

இவள் அவசரப்படுத்தவில்லை. பார்க்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.