அம்சா அமுக்கிய பை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. விழுப்புரத்திலிருந்து வரும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் பஞ்சராகி நின்றது. பக்கத்து சீட்டு டாக்டர் சக்கரபாணி, டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார். வாரப் பத்திரிகைக்குத் தொடர் எழுதுகிறவனிடம் இப்படி ஒன்றைச் சொல்லியிருக்கக் கூடாது. திண்டிவனத்தில் இறங்குவதற்குள் முதல் வரி தயார்:

‘“என் பெண்டாட்டிதான் என்னைக் கொல்லப் பார்த்தா” என்றான், சாவிலிருந்து திரும்பியவன்.’

ஆசிரியருக்குப் பிடிக்கும். ஒரே சிக்கல், அவள் கொல்லப் பார்க்கவில்லை.

2

வேறு தொடக்கம். 1984. திருவெண்ணெய்நல்லூர் பக்கம், கரும்புக் கொல்லையில் படுத்திருந்த தாண்டவராயனை ஒரு கரிய உருவம் மெல்ல நெருங்—

(வரியை அடித்துவிட்டேன். கட்டுவிரியனுக்கு இவ்வளவு பில்டப் வேண்டாம். கடித்தது.)

அந்த விஷம் கை காலோடு மூச்சையும் நிறுத்திவிடும். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சக்கரபாணிதான் தொண்டைக்குள் குழாய் விட்டு, மூச்சு மிஷினில் போட்டார். மிரண்டு குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கையைக் கட்டி, தூக்க ஊசி. அசைந்தால் இன்னொரு ஊசி.* கரண்ட் போனால் மிஷின் நிற்கும். அப்போது குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டிக் கையால் அமுக்கி, காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நர்ஸுக்கு வேறு நோயாளிகள் இருந்தார்கள். அமுக்கியது அவன் பெண்டாட்டி அம்சா. அரைக் கண் திறக்கும்போதெல்லாம் அவன் பார்த்தது அவளைத்தான்.

* “கம்மியா போட்டிருக்கலாமோன்னு இப்பத் தோணுதுங்க,” என்றார் டாக்டர். “ஆடாம அசையாம கிடந்தா நல்லா இருக்காருன்னு நெனச்சிக்கினோம். அது தூக்கமில்லீங்க. உள்ள வேற சினிமா ஓடிக்கினு இருக்கும்.”

3

குழாயை எடுத்ததும் தாண்டவராயன் பேசினான். தன் மாட்டை யாரோ சீலிங் ஃபேனில் கட்டியிருப்பதாகச் சொன்னான். யாரும் நம்பவில்லை. அடுத்து சொன்னதை நம்பினார்கள்.

“இவதான் என் கையக் கட்டிப்புட்டு, வாயில ட்யூப்ப சொருவி, எதையோ அமுக்கி அமுக்கி உள்ள ஏத்துனா. என் கண்ணால பாத்தேன்.”

எல்லாம் நடந்ததுதான். எதற்கு என்பதில்தான் கோளாறு.

அவன் தம்பி பச்சைமுத்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினான்.

“ஜல்தியா போ,” என்றாள் அம்சா. “ஃபேன்ல மாடு கட்டியிருக்குதுன்னும் சேத்து எழுதிக் குடு.”

பச்சைமுத்து உட்கார்ந்துவிட்டான்.

(இவனுக்கு நிலத்தாசை வைத்து வில்லனாக்கப் பார்த்தேன். ஒரு பக்கம் ஓடியது. வெறும் குழம்பிப்போன தம்பி; கிழித்துவிட்டேன்.)

4

ஊசியின் வேகம் தணிந்ததும் மாடு ஃபேனிலிருந்து இறங்கிவிட்டது. அம்சாமேல் இருந்த பயம் இறங்கவில்லை. டாக்டர் பையைக் கொண்டுவந்து காட்டி விளக்கினார். தாண்டவராயன் “சரிங்க” என்றான். மரியாதைக்குச் சொன்ன சரி.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று அம்சா தூக்கில் கேப்பைக் கஞ்சி கொண்டுவந்து, டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

“நீ ஒரு வாய் குடிச்சிட்டுக் குடு.”

முடிவு அ: குடித்துக் காட்டுகிறாள். அவன் நம்புகிறான். (அப்புறம் ஆயுசுக்கும் வேளாவேளைக்குக் குடித்துக் காட்ட வேண்டும்.)

முடிவு ஆ: கண்ணீரோடு தாய்வீட்டுக்குப் புறப்— (கேட்டவரையில் அவள் அப்படிப் போகிற ஆளில்லை.)

முடிவு இ: ஆசிரியர் ஆசைப்படுவது. கஞ்சியில் நிஜமாகவே விஷம். பை அமுக்கியே விரலெல்லாம் கொப்புளம் கண்டவளுக்கு இதை எழுதக் கை வரவில்லை.

டாக்டர் பார்த்தது இவ்வளவுதான்: முழு டம்ளரையும் அவளே குடித்தாள். காலி டம்ளரைக் கட்டில்மேல் வைத்தாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“குடிச்சிட்டேன். சாவறனான்னு பாத்துக்கினு இரு.”

டாக்டரை அடுத்த வார்டில் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

ஆக, அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தூக்கில் இன்னும் ஒரு டம்ளர் கஞ்சி இருக்கிறது. அவனுக்குப் பசி வேறு. கேட்பானா, கேட்டால் அவள் கொடுப்பாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு யாரும் ஊசி போடவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.